இரு புள்ளிகளுக்கிடையே

தமிழாசிரியர்க்கு மின்சுற்றில் என்ன வேலை என்று இம் மலரைப் புரட்டும் பழைய மாணவர் சிலர் வினவுதல் கூடும். வினா நியாயமானதே. 2010ஆம் ஆண்டில், மீள்குடியேற்றத்தின் பின் நாம் பணியாற்றிய பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்பிற்குப் பௌதிகவியல் கற்பிப்பார் ஒருவருமிலர். நாம் பயிற்றப்பட்ட தமிழாசிரியர். ஆயினும் உயர்தரத்திற் கணிதப் பிரிவிற் படித்தோம் என்பது அதிபருக்குத் தெரிந்திருந்தது. "ஆள் வருமட்டும் பிள்ளையளோடை இருங்கோ மாஸ்ரர்" என்றார். ஆள் வர ஒன்றரை ஆண்டு சென்றது. அக்காலத்திற் பிள்ளைகள் எம்மிடங் கற்றதிலும் நாம் அவர்களிடங் கற்றதே மிகுதி. அவற்றுள் ஒன்றை ஈண்டு எழுதப் புகுந்தோம். தடைகளாலாய சுற்றொன்றில் இரு புள்ளிகளுக்கிடையே உள்ள அழுத்த வித்தியாசத்தை எவ்வாறு காண்பது என்பதே அது.

முதலிற் சொல்லைப் பார்ப்போம். அது எமது தொழில். ஈழத்துப் பாடநூல்களில் 'அமுக்கம்' என்பது வேறு, 'அழுத்தம்' என்பது வேறு. நீரும் காற்றும் ஒரு பரப்பை நெருக்குவது அமுக்கம், மின்னுக்குரியது அழுத்தம். தமிழகத்து நூல்களிலோ முன்னதே 'அழுத்தம்' எனப்படும். பின்னது 'மின்னழுத்தம்' எனப்படும். எமது 'அழுத்த வித்தியாசம்' அவர்க்கு 'மின்னழுத்த வேறுபாடு'. தமிழகத்து நூல்களையும் வாங்கிப் படிக்கும் பிள்ளைகள் இவ்விடத்தில் இடறுவதுண்டு. இரு வழக்கும் நல்ல தமிழே. ஆயினும் இரண்டிலும் உயிரான சொல் 'அழுத்தம்' அன்று, 'வித்தியாசம்' என்பதே. பிள்ளைகள் முன்னதைப் பற்றிக்கொண்டு பின்னதைக் கைவிடுகின்றனர். பிழை அங்கேதான் பிறக்கின்றது.

ஐந்தாம் வேற்றுமைக்கு எல்லைப்பொருள் உண்டென இலக்கண வகுப்பிற் படித்தது நினைவிலிருக்கும். 'கிளிநொச்சியின் வடக்குப் பரந்தன்' என்கின்றோம். அதே பரந்தன் ஆனையிறவின் தெற்கு. பரந்தன் வடக்கா தெற்கா என்று வெறுமனே கேட்டால் விடையில்லை. எதனின் வடக்கு, எதனின் தெற்கு என்று எல்லை கூறல் வேண்டும். ஒரு புள்ளியின் அழுத்தமும் இத்தகையதே. 'இப்புள்ளியின் அழுத்தம் 8 வோல்ற்று' என்றால், எங்கோ ஒரு புள்ளியைப் பூச்சியமென நாம் கொண்டுவிட்டோம் என்பது பொருள். இரணைமடுவில் நீர் 36 அடி என்று ஊரார் பேசும்போதும், அளவுகோலின் பூச்சியம் எங்கு நடப்பட்டதோ அங்கிருந்துதான் 36 அடி. கோலைப் பெயர்த்து நட்டால் எண் மாறும். வாய்க்காலில் ஓடும் நீர் மாறாது. அது குளத்து மட்டத்திற்கும் வயல் மட்டத்திற்கும் உள்ள வித்தியாசத்தையே அறியும்.

இனிக் கணக்கிற்கு வருவோம். சுற்றுப்படம் வரைந்து அச்சிடுவதிலும் நல்ல படமொன்று வாசகர் நெஞ்சில் முன்னரே இருக்கின்றது. கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவுக்குப் போக இரு வழியுண்டு. வடக்கே பரந்தன் சென்று, விசுவமடு கடந்து, புதுக்குடியிருப்பு வழியாகச் செல்வது ஒன்று. தெற்கே மாங்குளம் சென்று ஒட்டுசுட்டான் வழியாகச் செல்வது மற்றொன்று. புதுக்குடியிருப்பையும் ஒட்டுசுட்டானையும் இணைத்து நடுவே ஒரு குறுக்குத் தெருவும் உண்டு. இப்பாதைகளில் 2009ஆம் ஆண்டு சனம் நடந்த நடை வேறு கதை. அதனை இங்கு எழுதோம். மாணாக்கர்க்கு இம்மூன்று தெருக்களையுங் கரும்பலகையில் வரைந்தபோது, அவர்களுள் ஒருவருக்கும் படத்தை விளக்க வேண்டியிருக்கவில்லை என்பதை மட்டுங் கூறுகின்றோம்.

கிளிநொச்சியைக் கி எனவும், புதுக்குடியிருப்பைப் பு எனவும், ஒட்டுசுட்டானை ஒ எனவும், முல்லைத்தீவை மு எனவும் குறிப்போம். கி-க்கும் பு-வுக்கும் இடையே 2 ஓம் தடை. பு-வுக்கும் மு-வுக்கும் இடையே 4 ஓம். மற்றை வழியில் கி-க்கும் ஒ-வுக்கும் இடையே 8 ஓம். ஒ-வுக்கும் மு-வுக்கும் இடையே 4 ஓம். குறுக்குத் தெரு இப்போதைக்கு மூடப்பட்டுள்ளது. 12 வோல்ற்றுப் பற்றரியொன்றின் நேர்முனை கி-யிலும் மறைமுனை மு-விலும் தொடுக்கப்பட்டுள்ளன. அதன் அகத்தடையைப் புறக்கணிக்க. பு-வுக்கும் ஒ-வுக்கும் இடையே அழுத்த வித்தியாசம் யாது?

புதுக்குடியிருப்பு வழியின் மொத்தத் தடை 6 ஓம்; ஆதலின் அதில் ஓடும் மின் 12 ÷ 6 = 2 அம்பியர். ஒட்டுசுட்டான் வழியின் மொத்தத் தடை 12 ஓம். அதில் ஓடுவது 1 அம்பியர். இதுவரை எவரும் பிழைவிடுவதில்லை. ஓமின் விதியைப் பத்தாம் வகுப்பிலேயே மனனஞ் செய்துவிடுகின்றனர். (அவ்விதியை 1827இல் நூலாக வெளியிட்ட ஓம் என்பாரும் கொலோன் நகரிற் பாடசாலை ஆசிரியராயிருந்தவரே. பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன்.)

அடுத்த அடியிலேதான் வழுக்கல். கி-பு தடையில் 2 × 2 = 4 வோல்ற்று. கி-ஒ தடையில் 1 × 8 = 8 வோல்ற்று. எம் வகுப்பிற் பதினொருவர் இருந்தனர்; அவர்களுள் ஏழு பேர் எழுதிய விடை இது: 'பு-வின் அழுத்தம் 4; ஒ-வின் அழுத்தம் 8; எனவே ஒ உயர்ந்தது; வித்தியாசம் 4 வோல்ற்று; மின் ஒ-விலிருந்து பு-வுக்கு ஓடும்.' எண் சரி. திசை தலைகீழ். தேர்விலே தெரிவு விடைகளுள் இப்பிழைக்கென்றே ஒன்று வைக்கப்பட்டிருக்கும். பிள்ளை மனமகிழ்ந்து அதிற் கோடிட்டு வரும்.

சூத்திரத்தை மீண்டும் மீண்டும் எழுதிக் காட்டினோம், பயனில்லை. பின்னர் ஒருநாள், வெண்கட்டியை வைத்துவிட்டு, கிணற்றைக் கேட்டோம். "சமதரையில் இரண்டு கிணறு. ஒன்றில் நிலத்திலிருந்து 4 அடியிலே தண்ணீர். மற்றதில் 8 அடியிலே. எதிலே தண்ணீர் உயர நிற்கிறது?" பின்வாங்கிலிருந்த பெண்பிள்ளை ஒருத்தி, "நாலடிக் கிணத்திலை சேர்" என்றாள். சிறிது பொறுத்து, "அப்ப பு தானே உயரம்!" என்று தானே கூவினாள். அவ்வளவே. 4-ம் 8-ம் அழுத்தங்கள் அல்ல. கி-யிலிருந்து இறங்கிய ஆழங்கள். ஆழம் மிகுந்தது தாழ்ந்தது. கி 12-இல் நிற்பின் பு 12 − 4 = 8; ஒ 12 − 8 = 4. புதுக்குடியிருப்பு ஒட்டுசுட்டானைவிட 4 வோல்ற்று உயர்ந்தது.

இதிலிருந்து பிறக்கும் முறையை 'நடை முறை' என்று எம் மாணாக்கர் பெயரிட்டனர். எப்புள்ளியிலிருந்து எப்புள்ளிக்கு வித்தியாசம் வேண்டுமோ, முன்னதில் நின்று பின்னதை நோக்கி நடக்க. தடையொன்றை மின் ஓடும் திசையிலே கடந்தால் இறக்கம். எதிர்த்திசையிலே கடந்தால் ஏற்றம். ஏற்ற இறக்கத்தின் அளவு மின்னோட்டத்தையும் தடையையும் பெருக்கி வருவது. பற்றரியை மறைமுனையிலிருந்து நேர்முனைக்குக் கடந்தால் ஏற்றம், மறுபுறமாயின் இறக்கம். பு-விலிருந்து கிளிநொச்சி வழியாக ஒ-வுக்கு நடப்போம்: பு-கி எதிர்த்திசை, ஏற்றம் 4, கி-ஒ ஓடுந்திசை, இறக்கம் 8. முடிவில் 4 வோல்ற்று இறங்கியிருப்போம். முல்லைத்தீவு வழியாக நடப்பினும் பு-மு இறக்கம் 8. மு-ஒ ஏற்றம் 4. மீண்டும் 4 வோல்ற்று இறக்கம். எவ்வழி சென்றாலும் ஒன்றே. இரு வழியிலும் வேறு வேறு விடை வந்தால் எங்கோ கணக்குப் பிழைத்தது என்று பொருள். ஆதலின் இதுவே சரிபார்க்கும் வழியுமாயிற்று. ஒரு வட்டம் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தால் ஏற்றமும் இறக்கமுஞ் சமன். இதுவே கேர்ச்சோவின் இரண்டாம் விதி. 1845இல் இவ்விதிகளை அவர் வகுத்தபோது கோனிக்ஸ்பேர்க் நகரில் மாணவராயிருந்தார்; வயது இருபத்தொன்று. இதனைச் சொன்னபோது எம் வகுப்பில் ஓர் அமைதி நிலவியது. நீண்ட காலம் பள்ளியை இழந்திருந்த பிள்ளைகள் அவர்கள். தம் வயதை எண்ணிப் பார்த்தனர் போலும்.

பூச்சியத்தை இடம் மாற்றிப் பார்ப்போம். இதுவரை மு-வைப் பூச்சியமெனக் கொண்டோம். அதனை விட்டுப் பு-வைப் பூச்சியமாக்குக. அப்போது கி 4, மு −8, ஒ −4. மறையெண் கண்டு மாணாக்கர் அஞ்சுவர். அஞ்சுதற்கு யாதுமில்லை. பு-வுக்கும் ஒ-வுக்கும் இடையே 0 − (−4) = 4. கி-க்கும் மு-வுக்கும் இடையே 4 − (−8) = 12. எல்லா அழுத்தமும் மாறின. ஒரு வித்தியாசமும் மாறவில்லை.

இப்போது குறுக்குத் தெருவைத் திறப்போம். பு-வுக்கும் ஒ-வுக்கும் இடையே 4 ஓம் தடையொன்றை வைக்க. 'வித்தியாசம் 4 வோல்ற்று, தடை 4 ஓம், ஆகவே 1 அம்பியர்' என்று விரைந்து எழுதுவோர் பலர். இது நயமான பிழை. ஆசிரியர்களும் விடுவதுண்டு, நாமும் விட்டோம். 4 வோல்ற்று என்பது தெரு மூடியிருந்த காலத்து வித்தியாசம். தெரு திறந்து மின் ஓடத் தொடங்கியதும் மற்றைத் தெருக்களின் ஓட்டங்கள் மாறும். அவை மாறவே பு-வும் ஒ-வும் இடம்பெயரும். உண்மை காணச் சந்திகளில் நிற்றல் வேண்டும். மாங்குளஞ் சந்தியில் வாகனங்கள் தரித்து நில்லாவிடின், வந்தவை எத்தனையோ போனவையும் அத்தனையே. மின்னுக்கும் அதுவே கேர்ச்சோவின் முதலாம் விதி.

மு-வைப் பூச்சியமாகவும் கி-யை 12 ஆகவும் கொள்வோம். பு, ஒ என்பன இனி அறியா எண்கள். புதுக்குடியிருப்புச் சந்திக்குக் கிளிநொச்சியிலிருந்து வருவது (12 − பு) ÷ 2. அங்கிருந்து முல்லைத்தீவுக்குப் போவது பு ÷ 4. ஒட்டுசுட்டானுக்குப் போவது (பு − ஒ) ÷ 4. வரவையுஞ் செலவையுஞ் சமப்படுத்தினால், ஒ = 4 பு − 24. ஒட்டுசுட்டான் சந்தியிலும் அவ்வாறே: (12 − ஒ) ÷ 8 உடன் (பு − ஒ) ÷ 4 சேர்ந்து ஒ ÷ 4 ஆகும்; அதாவது 12 + 2 பு = 5 ஒ. இரண்டையுந் தீர்க்க, பு = 7⅓; ஒ = 5⅓. வித்தியாசம் 2 வோல்ற்று. குறுக்குத் தெருவில் ஓடுவது அரை அம்பியர். முன்னர் 8-இல் நின்ற பு இறங்கியது. 4-இல் நின்ற ஒ ஏறியது. தெரு திறந்ததும் இரு ஊரும் ஒன்றையொன்று நெருங்கின.

நெருங்க வேண்டாத நிலையும் ஒன்றுண்டு. ஒ-மு தடையை 4 ஓமுக்குப் பதிலாக 16 ஓம் ஆக்குக. அப்போது 2-க்கு 4 எப்படியோ 8-க்கு 16 அப்படி. பு-வும் ஒ-வும் 8 வோல்ற்றில் ஒருமட்டத்தில் நிற்கும். குறுக்குத் தெருவில் எத்தடையை வைத்தாலும் மின் ஓடாது. அங்கே கல்வனோமானியை வைத்தால் ஊசி அசையாது. ஊசி அசையாத நிலையைக் கொண்டு, அறியாத் தடையொன்றை மற்றை மூன்றால் அளப்பதே உவீற்ஸ்ரன் பாலம். உவீற்ஸ்ரன் அதனை 1843இற் பரவச் செய்தார். 1833இல் முதலிற் கண்டவர் கிறிஸ்ரி என்பார். பெயர் ஒருவருக்கும் உழைப்பு ஒருவருக்குமாகும் இவ்வழக்குத் தமிழ் ஏட்டுலகிலும் உண்டு.

அகத்தடையைப் புறக்கணிக்க என்று மேலே எழுதினோம். புறக்கணிக்க முடியாத காலமொன்று எமக்கிருந்தது. 1990களில் வன்னியில் மின்வலையில்லை; பொருளாதாரத் தடையால் ரோர்ச் பற்றரியும் அரிதாயிற்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுழற்றி, டைனமோவால் வானொலி கேட்டோம். ஓய்ந்த பற்றரியை வெயிலிற் காயவைத்தோம். துளையிட்டு உப்புநீர் ஊற்றினோம். அத்தகைய கிழட்டுப் பற்றரி ஒன்றை எம் ஆசிரியர் வோல்ற்றுமானியில் தொடுத்தார், ஊசி 1.5 வோல்ற்றுக் கிட்டக் காட்டியது. மின்குமிழில் தொடுத்தார், குமிழ் எரியவில்லை. "மானி பொய் சொல்லுதோ, குமிழ் பொய் சொல்லுதோ?" என்று எம்மைக் கேட்டார்.

இரண்டும் மெய்யே. பற்றரியின் மின்னியக்க விசை 1.5 வோல்ற்று, முதுமையால் அகத்தடை 10 ஓம் ஆயிற்று எனக் கொள்வோம். குமிழ் 5 ஓம். மொத்தம் 15 ஓம், ஓடுவது 0.1 அம்பியர். குமிழின் இரு முனைக்கிடையே 0.1 × 5 = 0.5 வோல்ற்று மட்டுமே. மிகுதி 1 வோல்ற்று பற்றரியின் வயிற்றுக்குள்ளேயே இறங்கிவிட்டது. வோல்ற்றுமானியின் தடையோ பல ஆயிரம் ஓம்; அதனூடே மின் ஓடுவது மிகச் சொற்பமாதலின் உள்ளே இறக்கமில்லை. எவ்விரு புள்ளிக்கிடையே, எதனைத் தொடுத்தபின் என்ற இரு கேள்வியுங் கேளாது 'இந்தப் பற்றரி எத்தனை வோல்ற்று' என்று வினவியதே எம் பிழை.

2009இற் போர் முடிந்த பின், 132,000 வோல்ற்று உயரழுத்தக் கம்பித்தொடர் வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு மீண்டும் வந்தது. ஊர்கள் தோறும் மின்கம்பங்கள் நிமிர்ந்தன. மின்கம்பியோடு வாழ்ந்தறியாத ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அப்போது எம் வகுப்பிலிருந்தனர். 'கம்பியிலே காகம் இருக்கிறது, சாகவில்லை. மனிசன் தொட்டால் ஏன் சாகிறான்?' என்பதே அவர்கள் கேட்ட முதல் வினா. காகத்தின் இரு காலும் ஒரே கம்பியில், அங்குல இடைவெளியில். கம்பியின் அத்துண்டுக்குத் தடை மிகச் சொற்பம்; இரு காலுக்கிடையே வித்தியாசம் இல்லையென்றே சொல்லலாம். மனிதன் உயிர்க்கம்பியைத் தொடும்போது கால் நிலத்தில் நிற்கின்றது, நிலம் பூச்சியம். கைக்கும் காலுக்கும் இடையே 230 வோல்ற்று முழுவதும் நிற்கும். கம்பி கொல்வதில்லை, வித்தியாசமே கொல்கின்றது.

நிலம் பூச்சியமென்றோம். ஈரவயலில் உயரழுத்தக் கம்பி அறுந்து வீழ்ந்தால் அதுவும் பொய்த்துவிடும். அப்போது நிலமே ஒரு பெருந்தடை; கம்பி தொட்ட இடத்திலிருந்து மின் எப்புறமும் பரவி ஓட, தொலைவு கூடக்கூட அழுத்தம் இறங்கும். எளிமைக்காகத் தொலைவு இரட்டித்தால் அழுத்தம் பாதியாகும் எனக் கொள்வோம். ஒரு மீற்றரில் 160 வோல்ற்று என்க. 1.5 மீற்றரில் 107; 2.5 மீற்றரில் 64. அவ்விடத்தில் அரை மீற்றர் அகலக் காலெடுத்து வைக்கும் மனிதனின் இரு காலுக்கிடையே 160 − 107 = 53 வோல்ற்று. அங்கேயே மேயும் மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி ஒன்றரை மீற்றர்; 160 − 64 = 96 வோல்ற்று. அன்றியும் மாட்டின் முன்காலால் ஏறிப் பின்காலால் இறங்கும் மின் நெஞ்சூடே செல்லும். மனிதனின் ஒரு காலால் ஏறி மறுகாலால் இறங்குவது பெரும்பாலும் அரைக்குக் கீழேயே செல்லும். மேய்த்தவர் தப்ப மாடு மடிவது இதனாலேயே.

மேற்படி கணக்கைப் போட்டு முடித்த அன்று, வயலோரம் பன்றிக்கென்று மின்கம்பி இழுக்கும் வழக்கம் தம் ஊரில் உண்டென்று பையன் ஒருவன் எழுந்து சொன்னான். 'அறுந்த கம்பியைக் கண்டால் என்ன செய்ய, சேர்?' என்றான். கிட்டப் போகாதே, பெரியவர்க்கும் மின்சார சபைக்கும் அறிவி என்றோம். 'கிட்டப் போனபிறகு கண்டால்?' என்று கேட்டான். விடையைக் கரும்பலகையிலிருந்த கணக்கே கூறியது. இரு காலையும் ஒன்றோடொன்று ஒட்ட வை. ஓடாதே, காலை எட்டி வையாதே. ஒட்டிய பாதங்களை நிலத்திலிருந்து எடாமல், சிறுகச் சிறுகத் தேய்த்து அரக்கி, கம்பிக்கு எதிர்ப்புறமாக விலகு. இரு புள்ளிக்கிடைத் தொலைவு குறைந்தால் வித்தியாசமுங் குறையும். அன்று மாலை பாடசாலை விட்டபின், முற்றத்து மணலிற் பதினொரு பிள்ளைகளும் கால் ஒட்டித் தேய்த்துத் தேய்த்துப் படலை வரை சென்றனர்.